பளைச் சனத்தின்ர வோட்டு

— உளுந்துத் தகரப் பேணிக்குள்ள கையை விட்டால் சிம் வருது. ஒண்டு ரெண்டில்லை, பத்து. இதென்ன கூத்து எண்டு நீங்களே சொல்லுங்கோ.

— மெதுவாக் கதையும், கௌரி. சுவருக்கு அங்காலயும் ஆக்கள் இருக்கினம். அதுகளை ஒழுங்கு மாறாமல் மேசையில வையும். கவரில நம்பர் போட்டிருக்கு.

— நம்பர் மட்டுமே? ஒவ்வொரு கவரிலயும் ஒவ்வொருத்தரின்ர பேர். செல்லம்மா மாமி, பளை. பொன்னுத்துரை அண்ணை, பளை. புளோறன்ஸ் ரீச்சர், பளை. பொலிஸ் இதைக் கண்டால் என்ன நினைப்பாங்கள்? கொழும்பு வெள்ளவத்தைப் பாலசுந்தரம் பளையில இருக்கிற ஆக்களுக்கு சிம் வாங்கி ஒளிச்சு வச்சிருக்கிறார். நேரே பொலிசின்ர நாலாம் மாடிக்குத்தான் விசாரணைக்குக் கொண்டு போவாங்கள்.

— அது வோட்டுப் போடுறதுக்கு. ரீவிப் பாட்டுப் போட்டிக்கு.

— என்ன சொல்லுறியள்?

— சட்டப்படி ஒரு நம்பருக்கு ஒரு வோட்டு. இண்டைக்கு அரையிறுதி, ஆறு மணிக்கு லைனைப் பூட்டுறாங்கள். ஏழு பேர் போட்டிட்டினம். மூண்டு பேர் இன்னும் போடேல்லை.

— மூண்டு பேர் போடேல்லையாம். அவையள் என்னவோ வாசலில வரிசையா நிக்கிற மாதிரி. முப்பது வருசம் எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் வாக்குச்சாவடிக்குப் பொறுப்பா நிண்ட மனுசன் நீங்கள். தமையனுக்காகப் போட வந்த ஒருத்தனை, "உயிரோட இருக்கிறவன் நேரில வந்துதான் போடவேணும்" எண்டு கலைச்சுவிட்டனான் எண்டு எத்தினை தரம் எனக்குச் சொல்லியிருப்பியள்.

— அவன்ர தமையனுக்கு வர வழியிருந்தது. பளைச் சனத்துக்கு வழி எங்க? சண்டையால வடக்குப் பாதை பூட்டி ஒரு வருசமாகப் போகுது. கைபோன் வேலை செய்யாது. பொகவந்தலாவைப் பெடியன் லோகேசுக்கு அவன்ர ஊர் முழுக்கப் போடுது. கொழும்புப் பிள்ளைக்குக் கொழும்பு போடுது. எங்கட பளைப் பிள்ளை யசோ லொட்ஜில தனிய இருந்து பாடுறாள், அவளுக்கு ஆர் போடுறது? அது காணாதெண்டு அந்தக் கண்ணாடிக்கார நடுவர் போன கிழமை அவளுக்கு ஆறு மார்க் குடுக்கிறார். லோகேஸ் சரணத்தில ஒரு வரியை அப்பிடியே முழுங்கினவன், அவனுக்கு எட்டு. இது என்ன நியாயம்?

— பளையில கரண்டும் இல்லை. அவையள் இந்தப் போட்டியைப் பாக்கவே இல்லை.

— பாத்திருந்தால் போட்டிருப்பினம்தானே.

— செத்தவையின்ர வோட்டைப் போடுறவங்களும் இப்பிடித்தான் நியாயம் கதைக்கிறவங்கள்.

— இவையள் உயிரோட இருக்கினம், கௌரி.

— ஆர் கண்டது? உங்கட தமக்கையின்ர செத்தவீட்டுக்குப் போட்டு நாலு நாளில வாறன் எண்டு போன சேந்தன் பாதைக்கு அங்கால மாட்டுப்பட்டுப் பதினொரு மாசம். மாசியில வந்த கடிதத்துக்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. என்ர பிள்ளை திண்டானோ, படுத்தானோ எண்டு நான் கிடந்து உத்தரிக்கிறன். நீங்கள் பாட்டுக்கு வோட்டுப் போடுறியள்.

— நானும்தான் உத்தரிக்கிறன். எனக்கு இப்பிடித்தான் ஏலும்.

— ஆரோ கதவைத் தட்டுகினம். அதுகளை மூடுங்கோ.

— சார், நாந்தான், வாச்சர் வேலுசாமி. கதவ தொறங்க சார். கீழ பொலிசும் ஆமியும் செக்கிங் வந்திருக்கு. மொத மாடிய முடிச்சிட்டாங்க. ஐடென்டி, பொலிஸ் ரிப்போட்டு எல்லாம் எடுத்து வச்சிக்கங்க. அலுமாரி, சமையக்கட்டு எல்லாம் கொட்டிக் கவுத்துப் பாக்குறாங்க.

— கேட்டியளே? இஞ்ச தாங்கோ எல்லாத்தையும். கக்கூசுக்குள்ள போட்டுத் தண்ணியை ஊத்துறன்.

— பொறும், கௌரி. வேலுவை உள்ள விடும். நாங்கள் அஞ்சாம் மாடி. இன்னும் நேரம் இருக்கு.

— என்னங்கம்மா இவ்வளவு சிம்மு? பாட்டுப் போட்டிக்கா? சார், நீங்க அந்தப் பளைப் புள்ள கட்சி, நா எங்க ஊரு லோகேஸ் கட்சி. சரி, அது இருக்கட்டும். எங்கிட்ட இருக்கிறது ஒத்த போனு. நீங்க இப்படிப் பத்து வச்சிக்கிட்டு அடிச்சா எங்க பய எப்படி சார் ஜெயிப்பான்? நியாயம் பேசுற ஆளு நீங்க.

— மேசையில கிடக்கிற லிஸ்டைப் பாத்திட்டுக் கதையும், வேலு. இதில ஒரு வோட்டு லோகேசுக்குத்தான் போயிருக்கு.

— எங்க பயலுக்கா? நீங்களா போட்டீங்க?

— நான் போடேல்லை, செல்லம்மா மாமி போட்டவ. மாமிக்கும் யசோவின்ர தாய்க்கும் வேலிச் சண்டை, கோட்டுக் கச்சேரி வரைக்கும் போனது. மாமி செத்தாலும் அந்தப் பிள்ளைக்குப் போடமாட்டா. அவவின்ர வோட்டை நான் யசோவுக்குப் போட்டால் அதுதான் கள்ள வோட்டு.

— அந்தம்மா நல்லா இருக்கணும் சார்.

— இராஜநாயகம் மாஸ்டர் கொழும்புப் பிள்ளைக்கு எண்டு எழுதியிருக்கிறியள். ஆர் உங்களுக்குச் சொன்னது?

— அவர் கொழும்பில படிப்பிச்சவர்தானே.

— படிப்பிச்சவர், பென்சன் எடுக்கும் மட்டும் கொழும்பைத் திட்டித் திட்டிப் படிப்பிச்சவர். அந்தாள் தலைகீழா நிண்டாலும் கொழும்புக்குப் போடாது. மாத்துங்கோ.

— போட்ட வோட்டை மாத்தேலாது, சட்டப்படி.

— அப்ப மிச்சம் மூண்டையும் என்னைக் கேட்டுப் போடுங்கோ. புளோறன்ஸ் ரீச்சருக்கு ஆரை நினைச்சியள்?

— யசோவை. ரீச்சரிட்டப் படிச்ச பிள்ளை.

— தன்னட்டப் படிச்ச பிள்ளையெண்டால் ரீச்சர் இன்னும் கூடப் பிழை பிடிப்பா. சொந்த மகளுக்கே பேச்சுப் போட்டியில மூண்டாம் இடம் குடுத்த மனுசி. லோகேசுக்குப் போடுங்கோ.

— யசோ தோத்துப் போவாள், கௌரி.

— தோத்தால் நானும் அழுவன். ரீச்சரின்ர வோட்டு ரீச்சரின்ரதான்.

— சரி. அனுப்பியாச்சு.

— பொன்னுத்துரை அண்ணை யசோவுக்கு. பொம்பிளைப் பிள்ளையள் பாடினால் அந்தாளுக்குக் கண் கலங்கும். பேர்ணடெற்றும் யசோவுக்குத்தான். அவள் பாட்டுத் தெரிஞ்சவள், எங்கட கலியாணத்துக்குப் பாடினவள். கெதியா அதைக் கழட்டி இதைப் போடுங்கோ. விடுங்கோ, நான் கழட்டுறன்.

— அம்மா, மூணாம் மாடிய முடிச்சிட்டு ஏறுறாங்க. முடிஞ்சதெல்லாம் எங்கிட்ட குடுங்க. கத்திரிக்கோல் இருந்தா துண்டு துண்டா வெட்டித் தண்ணியில விட்டுருவேன்.

— இந்தாரும் கத்தரிக்கோல். எண்ணி வெட்டும், வேலு, ஒண்டும் மிஞ்சக்கூடாது. இந்த லிஸ்டையும் கிழியும். பொறும், பொறும். இதில பதினொண்டு வரைக்கும் நம்பர் கிடக்கு. பேணிக்குள்ள பத்துத்தானே இருந்தது. பதினொண்டுக்கு நேரே பேரும் எழுதேல்லை.

— அது என்ர சேட் பொக்கற்றுக்குள்ள இருக்கு.

— ஆற்ற?

— சேந்தன்ர.

— எனக்கு ஏன் சொல்லேல்லை?

— என்னத்தைச் சொல்ல? போட்டி தொடங்கின நாளில இருந்து வச்சிருக்கிறன், ஒரு கிழமையும் போடேல்லை. செல்லம்மா மாமியின்ர மனம் எனக்குத் தெரியுது. என்ர பிள்ளை ஆருக்குப் போடுவான் எண்டு தெரியேல்லை, கௌரி. அவன் வீட்டில இருக்கேக்க பக்கத்தில இருந்து ஒரு பாட்டுக் கேட்டதில்லை. படிச்சியோ, படிச்சியோ எண்டு மட்டும்தான் கேட்டனான். நீர் தாய். நீர் சொல்லும், நான் அனுப்புறன். ஆறு மணிக்கு இன்னும் நாலு நிமிசம்.

— அம்மா, பூட்ஸ் சத்தம் கேக்குது, கீழ் மாடியிலதான் நிக்கிறாங்க. அதையும் குடுத்துருங்கம்மா.

— அவன் ஆருக்குப் போடுவான் எண்டு எனக்குத் தெரியும்.

— அப்ப சொல்லுமன்.

— சொல்லமாட்டன். வேலு, மற்றதுகளைத் தண்ணியில விடும். இதை நான் என்ர சட்டைக்குள்ள வைக்கிறன்.

— உமக்கென்ன விசரே, கௌரி? பிடிபட்டால் என்ன சொல்லுவீர்?

— அடுத்த வருசமும் போட்டி நடக்கும்தானே. உயிரோட இருக்கிறவன் நேரில வந்துதான் போடவேணும், சட்டப்படி.