அசையாத தண்ணீர்

இந்த மனிதருக்குச் சளி முற்றியிருக்கிறது, தேனில் பூண்டு நசுக்கி விழுங்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். கைதி சொல்லும் வைத்தியத்தைப் பாதிரியார் கேட்கமாட்டார். அவர் கேட்க வந்தது வேறு: மேற்குக் கோபுரம் ஏன் விழுந்தது? என் பதிலைப் பொறுத்து எனக்கு வீடு, அல்லது தூக்குக் கயிறு.

எங்கள் கோட்டை ஊரான காஸ்தெல்மோர் பதினோரு மாதம் முற்றுகையைத் தாங்கியது. எல்லாம் ஊர்ச்சபையின் சாமர்த்தியம். ஏணி வைத்து ஏறியவர்கள்மேல் பழுக்கக் காய்ச்சிய மணலைக் கொட்டினார்கள். குதிரைகளை உப்புக்கண்டம் போட்டார்கள். அதுவும் தீர்ந்ததும், ‘உதவாத வாய்கள்’ என்று பட்டியல் எழுதி, கிழவர்களையும் முடவர்களையும் கோட்டைக்கு வெளியே அனுப்பினார்கள். மிகுந்த மரியாதையோடு, மணியடித்து.

என் தங்கை சவுரினாவும் பட்டியலில் இருந்தாள். மதிலுக்குக் கல் ஏற்றும்போது கை நசுங்கியவள். கல் ஏற்றாத கை, உதவாத வாய். நியாயம்தானே.

எதிரிகள் அந்தப் பக்கம் விடவில்லை, நம்மவர்கள் இந்தப் பக்கம் விடவில்லை. நடுவே வறண்ட அகழியில் அவர்கள் பத்தொன்பது நாள்.

“அக்கா, இங்க காத்து நல்லா வருது. உள்ள மாதிரி குதிரை நாத்தம் இல்ல.”

நான் மதில்மேலிருந்து அவளுக்கு ரொட்டியை எறியப் போனபோது சபைத் தலைவர் போன்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அறிவிருக்கா கில்ஹெல்மா? வெளிய போற ரொட்டி எதிரிக்குப் போற ரொட்டி.”

கீழிருந்து சவுரினா சிரித்தாள். “விடுக்கா, அவருக்கே பசிக்குது போல.”

இருபதாம் நாள் அவள் குரல் இல்லை.

போன்ஸ் இரக்கமுள்ளவர். துக்கத்தில் இருப்பவளுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார். மேற்குக் கோபுரத்து நிலவறையில், செப்புத் தாம்பாளம் நிறையத் தண்ணீர். எதிரிகள் அடியில் சுரங்கம் தோண்டினால் அது நடுங்கும். நான் சொன்னால் நம்மவர்கள் எதிரே தோண்டிப் போய் மடக்குவார்கள். “அழுது தண்ணியக் கலக்கிடாத,” என்றார். நகைச்சுவையும் உண்டு அவருக்கு.

நான்காம் நாள் தண்ணீர் நடுங்கியது. மெல்லிய வளையங்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தன.

“என்னம்மா, அசையுதா?” என்று போன்ஸ் கேட்டார்.

“அசையலங்க.”

மூன்று வாரம் அதே கேள்வி, அதே பதில். எதிரியின் கல்வீச்சுக்குப் பயந்த பெண்கள் பிள்ளைகளோடு வந்து, எந்தக் கோபுரம் பத்திரம் என்று கேட்டார்கள். இதுதான் என்றேன். காலிக் கோபுரம் விழுந்து ஊருக்கு என்ன புரியப்போகிறது? சவுரினா வெளியே நடந்தபோது ஜன்னலைச் சாத்திக்கொண்டவர்கள் அவர்கள். பிள்ளைகள் சாத்தவில்லை, உண்மைதான்.

ஒரு காலை நிலவறைத் தரை வெதுவெதுப்பாக இருந்தது. சுரங்கத்தைத் தாங்கிய முட்டு மரங்களுக்கு எதிரிகள் தீ வைத்துவிட்டார்கள்; அவை எரிந்து முடிந்தால் மேலே கோபுரம் சரியும். எனக்கு ஜெபம் ஞாபகம் வந்து, மாதா கோயிலுக்குப் போய்விட்டேன். கோபுரத்துக்குள் இருநூறு பேர்.

கோபுரம் விழுந்த வழியே ஊர் பிடிபட்டது; போன்ஸ் இப்போது ஜெயித்த எதிரிப் பிரபுவிடமும் சபைத் தலைவர். அப்படிப்பட்டவர்கள் எந்தக் கோபுரத்திலும் இருப்பதில்லை.

பாதிரியார் எழுதுகோலை மையில் தோய்த்தார். “தூங்கிட்டேன்னு சொல்லிடு மகளே. பசி மயக்கம்னு எழுதிக்கறேன். பட்டியல் பேச்சே வராது, போன்ஸும் அதான் நல்லதுங்கறார். சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்.”

“இல்ல சாமி,” என்றேன். “நான் முழிச்சிதான் இருந்தேன்.”