பின்னாடி மேடு இருக்கா?

கராச்சர்மா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். தமிழ்நாட்டிலிருந்து வரும் அவள் தங்கை குடும்பத்துக்காக ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“கதவைத் திறந்தா பீச்சுதான், பாரு.”

“பின்னாடி மேடு இருக்கா?”

“மலை ஏறவா மெயின்லேண்ட்ல இருந்து வர்றாங்க?”

“சுனாமி அன்னைக்கு எங்க வீட்டுக்குப் பின்னாடி மேடு இருந்துச்சு. அதனாலதான் நான் இருக்கேன். கேளுங்க.”

“அதெல்லாம் முடிஞ்சு இருபது வருஷமாச்சு. டீக் ஹை, கேக்குறேன்.”

அவர் சிரித்துக்கொண்டே ரிசார்ட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஸ்பீக்கரில் பேசியவர் சிரிக்கவில்லை. தினமும் கேட்கும் கேள்விபோல உடனே பதில் சொன்னார்.

“இருக்கு சார். ஓடினா நாலு நிமிஷம். கூடச் சின்னப் பிள்ளைங்க யாரும் வர்றாங்களா?”