எடுக்காத ஜோடிப் போட்டோ

இல்ல சார், அம்மா அப்பா போட்டோ எடுக்கப் போனப்ப நான் அவங்ககூட இல்ல. அப்போ திருச்சில ஹாஸ்டல்ல இருந்தேன். எல்லாம் எங்கம்மா லோகநாயகி சொல்லித்தான் தெரியும், கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம். பென்ஷன் பேச்செடுத்தாலே உங்க வீட்லயும் காதைப் பொத்திக்கிறாங்கன்னீங்களே, அதான் சொல்றேன்.

அப்பா முனிரத்தினம், குரோம்பேட்டை பக்கம் ஒரு கம்பெனில லேத் மெஷின் ஓட்டுற டர்னர். எண்பத்தெட்டுல ரிட்டயர்மென்ட். பணத்தை மொத்தமா வாங்கிக்கலாம், இல்லாட்டி மாசாமாசம் பென்ஷன். பென்ஷன்னா அவருக்கப்புறம் சம்சாரத்துக்குப் பாதி வரும். அதுக்கு ஜோடியா ஒரு போட்டோ வேணும்னு தாம்பரத்துல ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனாராம். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கல்யாணத்துலகூட படம் எடுக்கல பாருங்க. கனகாம்பரம் வெச்சு, பட்டுப்புடவை கட்டி உக்காந்தாங்க. போட்டோக்காரர், இன்னும் கிட்ட வாங்கம்மான்னாராம். அப்பதான் கேட்டிருக்காங்க, திடீர்னு எதுக்கு இதுன்னு. அப்பாவுக்குப் பொய் வராது. சொல்லிட்டார்.

எழுந்துட்டாங்க. நீங்க போனப்புறம் நான் துன்றதுக்கு, இப்பவே சிரிச்சுகினு போட்டோ புடிக்கணுமா? பூவும் பொட்டுமா நான்தான் முன்னாடி போவேன், எனக்கு ஒண்ணும் வாணாம்னு விடுவிடுன்னு ரோட்டுக்கு வந்துட்டாங்க. அப்பா பின்னாடியே வந்து, சரி விடுடின்னாராம். மொத்தமா வாங்கினார். அக்கா கல்யாணம், முடிச்சூர்ல ரெண்டு ரூம் வீடு, பணம் தீந்துபோச்சு.

அடுத்த வருஷமே அப்பா போயிட்டார் சார். நெஞ்சுவலி.

அம்மா இப்போவா? அப்பா போயி இந்த நாலு வருஷமா காட்டாங்குளத்தூர்ல ஒரு ஹாஸ்டல் மெஸ்ல காய் நறுக்கறாங்க. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகல, நீ போகாதம்மான்னு சொல்ல வாய் வரல. யார் என்ன கேட்டாலும், நானா எழுந்து வந்தேன், நானே அனுபவிக்கிறேன்னுவாங்க.

போன மாசம் மனசு கேக்காம அந்தக் கம்பெனிக்கே போய் விசாரிச்சேன். ஜோடிப் போட்டோ அப்பவே தரணும்னு கட்டாயம் இல்லையாம். பென்ஷன் வேணும்னு அப்பா எழுதிக் குடுத்திருந்தா போதும், போட்டோ அப்புறம் தனித்தனியாகூடத் தரலாமாம். அங்க எலியேசர்னு ஒருத்தர், அப்பாகிட்டயே ரெண்டு தடவை இதைச் சொன்னாராம். அவ வாணாம்னுட்டா சார், அவளை மீறி எப்படின்னு கேட்டுட்டு அப்பா வந்துட்டாராம்.

அம்மாகிட்ட இன்னும் சொல்லல சார். சொன்னா பழி அவங்க மேலேர்ந்து அப்பா மேல போயிடும்.