ரொவெத்தா வீட்டில் சண்டையே இல்லை

வெறும் வயிற்றில் காபி எனக்கு ஒத்துக்கொள்ளாது, ஐயா. ஒரு பிஸ்கட் இருந்தால் போதும். நன்றி.

என் பெயர் எர்சீலியா பொன்ஃபாந்தே. ஊர் டூரின், நாவல் எழுதுகிறேன். ஒயின் செய்யும் குடும்பங்களின் கதை என்றால் ஜனங்கள் ஊணுறக்கம் இல்லாமல் படிப்பார்கள். அண்ணன் தம்பி பகை, பாகப்பிரிவினை, அழுதுகொண்டே திராட்சை பறிக்கும் மருமகள். பதிப்பாளரிடம் அதைத்தான் சொல்லி வைத்திருந்தேன். அதற்காகவே அறுவடைக்கு முன்பே வந்து ரொவெத்தா சகோதரர்களின் வீட்டு மாடியில் தங்கினேன்.

மூத்தவர் கஸ்பாரே, இளையவர் தெல்ஃபீனோ. இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அடுத்தடுத்த தோட்டம், ஒரே நிலவறை, ஒரே சாப்பாட்டு மேசை. சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், தூங்கப் போனார்கள். நானும் பொறுமையாகத்தான் காத்திருந்தேன். இதை வைத்து என்ன எழுதுவது, நீங்களே சொல்லுங்கள்.

அதனால் சின்ன உதவி ஒன்று செய்தேன். எல்லைக் கல்லைத் தம்பியின் கொடிகளுக்குள் நகர்த்தி வைத்தேன். தெல்ஃபீனோ பார்த்தார். "அண்ணனுக்கு இடம் பத்தல போலிருக்கு. வாய் விட்டுக் கேக்கக் கூச்சம், பாவம்" என்று அவரே இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

பிறகு கஸ்பாரேயிடம், உங்கள் ஒயின் குதிரை மூத்திரம் போல இருப்பதாகத் தம்பி சொல்கிறார் என்றேன். அவர் ஒரு வாய் குடித்து யோசித்தார்.

"டேய் தெல்ஃபீனோ, எந்தக் குதிரைடா?"

"நம்ம குதிரைதாண்ணா. வெளிக் குதிரைக்கு இந்த ருசி வருமா?"

கஸ்பாரேயின் மனைவி நீவெஸுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. முதுகைத் தட்டிக் கொடுத்தது நான்தான். வேறு வழியே இல்லாமல் போயிற்று.

நேற்று மதியம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் நிலவறைக்குப் போனேன். இந்த வருஷத்து ஒயின் மொத்தமும் பெரிய தொட்டியில் இருந்தது. அதன் அடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டேன். சரிவில் தெருவைப் பார்த்திருக்கும் நிலவறைக் கதவையும் திறந்து வைத்தேன். ஈரம் தேங்கினால் பழைய சுவர்களுக்கு ஆகாது. தெல்ஃபீனோவின் தொப்பியைக் குழாயில் மாட்டினேன். படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வரக் கூடாது அல்லவா.

ஒயின் ஓடி, தெரு வழியாகத் தேவாலயம் வரை போயிற்று. பாதிரியாரின் வாத்துகள் குடித்துவிட்டு நடுரோட்டில் படுத்துக்கொண்டதால் பஸ் நின்றுபோனது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. வாத்துகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

கஸ்பாரே வந்தார். தொப்பியைப் பார்த்தார். நான் பென்சிலை எடுத்துக்கொண்டேன். அவரோ தொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்து, குழாயைத் திறந்தது தான்தான் என்று சொல்லிவிட்டார். அது தெரிந்ததும் தம்பியும் ஓடி வந்து, தான்தான் என்றார்.

இரண்டும் பொய். கல், குதிரை, குழாய், தொப்பி எல்லாம் என் வேலை. நான் உருவாக்கியதற்கு வேறு இரண்டு பேர் பெயர் வாங்கிக்கொள்வதை என்னால் சகிக்க முடியவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். பெயருக்கு முன்னால் எழுத்தாளர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து அறையில் சத்தம் கேட்கிறதா?

"ஜெயிலுக்கு நான்தான் போவேன்!"

"வாய மூடுடா, மூத்தவன் நான்!"

இப்போது ஒரு நாற்காலி விழுந்தது. ஆயுளில் அவர்களுக்கு இதுதான் முதல் சண்டை, ஐயா.

பாவம், நிரபராதிகள். விட்டுவிடுங்கள். ஆனால் உடனே வேண்டாம். அந்தக் கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள். தம்பி பேசுவது சரியாகக் காதில் விழவில்லை.