வாயாடி கேட்டுக்கொண்டிருந்தார்

லிஃப்ட்டுக்குக் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை அழுத்தினால் போதும். கோபத்தில் குத்தினால் சீக்கிரம் வந்துவிடுமா என்ன? எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வாயாடி மட்டும் ஒரே ஒருமுறை அழுத்திவிட்டு அமைதியாக நின்றார். நான் நினைத்திருந்த ஆள்தான் இவர் என்று அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் வந்தேன். லிஃப்ட் பழுதாகி வானொலி அறிவிப்பாளர் இறந்தார் என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். எங்கள் லிஃப்ட் கம்பெனியும் அதற்குத் தலையாட்டிவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் அவருக்காக ஓர் அஞ்சலி நிகழ்ச்சி வைத்தார்கள். நேயர்கள் வரிசையாக வந்து பேசினார்கள். ஒரு பஸ் ஓட்டுநர், ஒரு தையல்கார அம்மா, பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண். "எனக்காகவே பேசற மாதிரி இருக்கும்" என்று அத்தனை பேரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். தையல்கார அம்மா, "என் வயித்துல பொறக்காத மக" என்று அழுதார். எனக்கு வயிறு எரிந்தது. அவர்களில் ஒருவர்கூட அவர் இருந்த திசைப்பக்கம் போனதில்லை. கடைசிவரை கூட இருந்தவன் நான். அது யாருக்கும் தெரியாமல் போவதா?

வாயாடி என்பது வானொலியில் அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். காலை நிகழ்ச்சியைத் தொடங்கும்போது, "எந்திரிச்சாச்சா? மூஞ்சி கழுவியாச்சா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். மற்ற அறிவிப்பாளர்கள் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போவார்கள். இவர் நாம் பதில் சொல்வதற்கு இடம் விடுவார். "ஆச்சும்மா, ஆச்சு" என்று பல் துலக்கியபடியே சொல்வேன். உடனே அவர் சிரிப்பார். என் பதிலுக்குத்தான் சிரித்தார் என்று நான் சொன்னால் எனக்குக் கிறுக்கு என்பீர்கள். சரி, சொல்லவில்லை.

அம்மா இறந்து, வந்த சொந்தமெல்லாம் கலைந்து, அக்காவும் தன் வீட்டுக்குப் போன பிறகு வந்த முதல் காலையில் காபி போட்டேன். கை தானாக இரண்டு டம்ளரை எடுத்தது. ஒன்றைத் திரும்ப வைத்தேன். அப்போது வானொலியில் அவர், "ஆளில்லாத வீட்டுல ரெண்டு டம்ளர் எடுத்துட்டு, ஒண்ணத் திருப்பி வச்சிருக்கீங்களா? பரவாயில்ல. நான் இருக்கேன்" என்றார். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட வராத அழுகை அப்போது வந்தது. பெற்றவளுக்கு அழாதவன் ஒரு குரலுக்கு அழுதேன். ஏன் இப்படி என்று நானும் யோசித்துப் பார்த்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விசாரித்தார்கள். அவர் பார்க்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அக்கா கேலி செய்வாள். "எங்கிட்ட நாலு வார்த்தை பேச உனக்கு வாய் வலிக்குது. அந்த ரேடியோவைக் கண்டா மட்டும் வாயெல்லாம் பல்லா இருக்கு. அவ என்ன உனக்கு மாமன் மகளா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"பின்ன என்னடா?"

கல்யாணம், காதல் என்று எதையும் நான் நினைத்தது கிடையாது. அப்படி நினைப்பவர்கள் அசிங்கமானவர்கள்.

வானொலி நிலையம் இருக்கும் கட்டடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். அவருடைய ஒலிப்பதிவு அறை கடைசி மாடியில் இருந்தது. அதற்கு நேர்மேலே, ஒரு படிக்கட்டு ஏறினால் எங்கள் மோட்டார் அறை. அங்கே உட்கார்ந்து சின்ன ரேடியோவில் அவரைக் கேட்பேன். இருந்தும் ஒருநாளும் எதிரில் போய் நின்றதில்லை. நின்றால் எல்லாருக்கும் வைப்பதுபோல் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு எதற்கு அந்த வணக்கம்?

பிறகு ஒருநாள் காலையில், "நாளையோட நம்ம நிகழ்ச்சி முடியுது. எங்க வீட்டுக்காரருக்கு வெளிநாட்டுல வேலை கெடைச்சிருக்கு, நானும் கெளம்பறேன். நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்" என்றார். எல்லாரும் என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போய், கொஞ்சநாள் இங்கே தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "ஒரு பொண்ணு வேலைய விட்டுப் போறதுக்கு இவ்வளவு அலட்டலா? அவ போனா இன்னொருத்தி வந்து பேசப்போறா" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு வீடு நிறைய ஆட்கள்.

மறுநாள் நிகழ்ச்சி முடிந்து பூங்கொத்து, பரிசுப் பெட்டிகள் எல்லாம் கொடுத்தார்கள். அவர் கணவர் அவற்றையும் அவருடைய கைப்பையையும் எடுத்துக்கொண்டு முதலில் கீழே போனார். வாயாடி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு பின்னால் தனியாக வந்தார். நான் லிஃப்ட் பக்கத்தில் கருவிப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். பொத்தானை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது வேலை செய்யுதுல்ல?"

"செய்யுதுங்க."

"ரொம்ப நன்றிண்ணே" என்று கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குரல் அதேதான். ஆனால் அதில் நான் இல்லை. என் குரலைக் கேட்டதும் ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். தெருவில் விலாசம் சொன்னவருக்கு நன்றி சொல்வதுபோல் சொன்னார். இப்படியே அனுப்பிவிட்டால் என் காலைப்பொழுதெல்லாம் அந்த ஒரு நன்றியோடு முடிந்துபோகும். லிஃப்ட் கீழிருந்து வந்துகொண்டிருந்தது. அது வந்து, அவர் ஏறி, கதவு மூடுவதற்குள் நான் மேலே மோட்டார் அறைக்குப் போய்விட்டேன். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் வந்ததும் சுவிட்சை இறக்கி அதை நிறுத்தினேன்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. யாராவது மாட்டிக்கொண்டால் முதலில் உள்ளே இருக்கும் போனில் பேசவேண்டும். பயம் தெளிந்த பிறகுதான் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி அருகில் இருக்கும் மாடிக்கு இறக்கவேண்டும். நானும் முதலில் பேசினேன். முறையை மீறவில்லை.

"பயப்படாதீங்கம்மா. நான் இருக்கேன்" என்றேன்.

"சீக்கிரம் எறக்கி விடுங்க. எனக்கு வீசிங் இருக்கு. இன்ஹேலர் பையில போயிடுச்சு."

எனக்குத் தெரியும். கைப்பையில் காசு இல்லாவிட்டாலும் இன்ஹேலர் இருக்கும் என்று அவரே நிகழ்ச்சியில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பை கீழே போனதையும் பார்த்தேன். அவருடைய செல்போனும் பையோடு போனது தெரியும். இதையெல்லாம் மறைக்க நான் இங்கே வரவில்லை.

ஆனால் என் பேச்சு இன்னும் தொடங்கவே இல்லையே. டம்ளர் விஷயத்தைச் சொன்னேன். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பல் துலக்கும்போது நான் சொன்ன பதில்களைச் சொன்னேன். "நாளைக்குக் காலைல நான் யாருக்காக எந்திரிக்கறது, நீங்களே சொல்லுங்க. போகாதீங்கம்மா, உங்க கால்ல விழறேன்" என்று கெஞ்சினேன். அழுதேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் காவலாளி இன்னொரு போனில் கூப்பிட்டுத் தீயணைப்புக்குச் சொல்லவா என்று கேட்டான். அவர் கணவர் பக்கத்தில் பதறுவது கேட்டது. "ஆள் நல்லா இருக்காங்க, எறக்கிட்டிருக்கேன், யாரும் வரவேணாம்" என்றேன். என் கை சக்கரத்தின் மேல்தான் இருந்தது. சுற்றவில்லை.

அவர் திரும்பத் திரும்ப, "யாருங்க நீங்க? யாரு பேசறீங்க?" என்று கேட்டார். மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டார். நான் சொல்லச் சொல்லக் கேள்வி குறைந்தது. பிறகு அவர் பேசவில்லை. கத்துகிறவருக்கு ஆபத்தில்லை, பேச்சு நின்றவருக்காகத்தான் ஓடவேண்டும் என்பது லிஃப்ட் வேலை தெரிந்த எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் அவரைக் கேட்டுக்கொண்டு இருந்ததெல்லாம் என் குரல் அவருக்குக் கேட்காமல்தானே? அதேபோல் இப்போது அவர் கேட்கிறார் என்று நினைத்தேன். கேள்வி கேட்டு நிறுத்தினேன். பதிலுக்கு இடம் விட்டேன். அம்மா போன பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. சொல்லவேண்டியது எல்லாம் தீர்ந்த பிறகுதான் சக்கரத்தைச் சுற்றினேன். குலுங்காமல் மெதுவாக இறக்கினேன்.

நான் ஓடி வந்து கதவைத் திறந்தபோது அவர் மூலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படியேறி வந்த கணவர் கையில் இன்ஹேலரோடு தரையில் விழுந்து அவரைக் குலுக்கினார். பிறகு என் சட்டையைப் பிடித்தார்.

"நீதான அவகிட்ட பேசினே? கடைசியா என்ன சொன்னா? சொல்லுப்பா, என்ன சொன்னா?"

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தாலும் உண்மையைத்தானே சொல்லமுடியும்? அதனால் சொன்னேன்.

"உங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கலைங்க. கடைசிவரைக்கும் என்னைப் பத்தியேதான் கேட்டுட்டு இருந்தாங்க."