அமாவாசையில் ஓடிய தறி

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். ஆரணியில் எல்லா டீக்கடையிலும் இதே கதைதான்.

நான் வந்தது ஒரு சொல்லை மாற்றச் சொல்ல. ஸ்டெஃபிக்கு நடந்ததை விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் தறி ஓட்டிய சின்னக்கண்ணுவின் கவனக்குறைவாம். அந்த மனிதருக்கு இதில் பங்கே கிடையாது. ஒருவர் உழைப்பை இன்னொருவர் பெயரில் எழுதுவது எனக்குப் பிடிக்காது.

எங்கள் இசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நானும் ஸ்டெஃபியும் செய்வது இரைச்சல் இசை. அப்பாவின் விசைத்தறிக் கொட்டகைச் சத்தத்தைப் பதிவு செய்து, இழுத்து, நசுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவேன். அதன்மேல் ஸ்டெஃபி கத்துவாள். சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்த தொண்டை அது. அதை வைத்துக்கொண்டு தகரம் கிழிகிற மாதிரி கத்துவாள். ஊரில் எங்களுக்கு ரசிகர் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. என் அம்மா ஒருமுறை கேட்டுவிட்டு, முதலில் அந்த மோட்டாரை ரிப்பேருக்குக் கொடு என்றார். ஆனால் ஜப்பானிலும் போலந்திலும் பிரேசிலிலும் எங்களைப் போன்ற கிறுக்கர்கள் இருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத அறைகளில் கூடி, பக்தியோடு கேட்பார்கள்.

சென்ற மாதம் ஜகார்த்தாவில் கச்சேரி செய்ய ஓர் அழைப்பு வந்தது. ஸ்டெஃபிக்கு மட்டும். குரல் போதும், தறி வேண்டாம் என்றார்கள்.

"இன்னா ஹேமு, மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற? உன் தறி எங்க ஓடிடப் போவுது?" என்று சிரித்தாள்.

எனக்குக் கோபமே வரவில்லை. சந்தோஷம்தான். போவதற்கு முன் தறியோடு ஒரு பதிவு செய்வோம் என்றேன். பாவம், உடனே ஒப்புக்கொண்டாள்.

அமாவாசையைத் தேர்ந்தெடுத்தேன். அன்று எங்கள் தெருவில் யாரும் தறி ஓட்டமாட்டார்கள். பக்கத்து இரைச்சல் மைக்கில் விழாது. சின்னக்கண்ணுவைக் கெஞ்சி வரவழைத்தேன். தறியில் நாடா என்று ஒன்று உண்டு, மேடம். நூலைச் சுமந்துகொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கும் கட்டை, இரண்டு முனையிலும் இரும்புக் கூர். அது வெளியே எகிறாமல் தடுக்க ஒரு கம்பி இருக்கும். அந்தக் கம்பி கிணுகிணுவென்று அதிர்ந்து பதிவைக் கெடுத்தது. கழற்றிவிட்டேன்.

"வேணாம் தம்பி. நாடா எகிறுச்சின்னா ஆளத் தூக்கிடும். கம்பிய மாட்டிடுங்க," என்றார் சின்னக்கண்ணு.

"ஜல்தியா முடிச்சிடலாம்ணா," என்றேன்.

ஸ்டெஃபியின் ஸ்டூலைத் தறிக்குப் பக்கவாட்டில், நாடா ஓடும் வழிக்கு நேராகப் போட்டேன். அங்கேதான் எதிரொலி நன்றாக விழும். ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடிக் கத்தத் தொடங்கினாள். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக அவள் அதற்கு முன் கத்தியதே இல்லை.

தறிக்கொட்டகையில் யாரும் வாயால் பேசமாட்டார்கள், காதில் விழாது. எல்லாம் கைச்சாடைதான். நான் நடை பழகியதே அந்தச் சாடைகளுக்கு நடுவில். சின்னக்கண்ணு ஒரு கையைத் தறியின் கைப்பிடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை இப்படியும் அப்படியும் சரித்துக் காட்டினார். நாடா தடுமாறுகிறது என்று பொருள். பிறகு மணிக்கட்டை வெட்டிக் காட்டினார். நிறுத்தவா? நான் விரலைச் சுழற்றினேன். ஓடட்டும். மறுபடி கேட்டார். மறுபடி சுழற்றினேன். முதலாளி மகன் சொல்லும்போது அவர் என்னதான் செய்வார்?

நாடா அவள் தொண்டையில் இறங்கியது. பதிவில் அந்த இடம் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

ஆகவே விபத்து என்பதை அடித்துவிடுங்கள். கம்பியைக் கழற்றியது நான், ஸ்டூலைப் போட்டது நான், ஓடட்டும் என்றதும் நான். இத்தனையும் தானாக நடந்தது என்று எழுதினால் என் உழைப்புக்கு என்ன மரியாதை?

ஸ்டெஃபி பிழைத்துக்கொண்டாள். குரல் இனி வராது என்கிறார் டாக்டர். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். படுத்தபடியே மணிக்கட்டை வெட்டிக் காட்டினாள். அந்தச் சாடையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். கடைசிவரை ஓடவிட்டேன்.

ஜகார்த்தாக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு இப்போது என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பொறாமையா என்று கேட்டீர்களே, மேடம். இந்தப் பதிவை ஆல்பமாக்கி, அட்டையில் அவள் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன், என் பெயரைவிடப் பெரிய எழுத்தில். பொறாமைக்காரன் அப்படிச் செய்வானா?