நாற்பது விநாடிச் சோதனை

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்திருப்பேன், சார். மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிறையும்வரை பல் தேய்ப்பேன். பால் பாக்கெட்டை எடுத்துவந்து காய்ச்சுவேன். இரண்டு டம்ளர் காபி. மனைவி இறந்து பத்தொன்பது நாளாகிறது. இப்போதும் இரண்டு டம்ளர்தான் போடுகிறேன். ஒன்று கொட்டிவிட்டால் இன்னொன்று இருக்கிறது.

நீங்கள் மூச்சுத்திணறல், இயற்கை மரணம் என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அது பிழை. திருத்தத்தான் அரை நாள் லீவு போட்டு ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

என் வேலை மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது. பேரையூர் வரைக்கும் ஆறு கிளைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு ரவுட்டர். ஒன்று வேலை செய்யும். மற்றது ஸ்டான்ட்பை, முதலாவதைக் கவனித்துக்கொண்டு சும்மா இருக்கும். 'இருக்கிறேன்' என்று முதலாவது விநாடிக்கு ஒருமுறை தகவல் அனுப்பும். மூன்று விநாடி அது வராவிட்டால் ஸ்டான்ட்பை பொறுப்பை எடுத்துக்கொள்ளும். பில் போடும் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. இவ்வளவு நாகரிகமான ஏற்பாட்டை நான் எந்தக் குடும்பத்திலும் பார்த்ததில்லை.

அதனால் வீட்டிலும் செய்தேன். இரண்டு அடுப்பு, இரண்டு அலாரம், இரண்டு பாத்திரத்தில் தோசை மாவு. முத்துமீனா சிரிப்பாள்.

"ஏங்க, எனக்கு ஸ்டான்ட்பை யாருன்னு இப்பவே சொல்லிருங்க. அவகூட நான் கொஞ்சம் பேசணும்."

அவளுக்கு ஆஸ்துமா. டிவி பக்கத்தில் ஒரே ஒரு இன்ஹேலர் இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கினேன். எங்கள் மேனேஜர் துளசிராம் சாருக்கு ஒரு கொள்கை உண்டு: "புதுசு ஒண்ணு வாங்குங்க தம்பி, பழச ஸ்டான்ட்பைல தூக்கிப் போடுங்க. ரெண்டும் புதுசுன்னு போய் நின்னா, மொதலாளி என்னையத் தூக்கி ஸ்டான்ட்பைல போட்டுருவாரு." அப்படியே செய்தேன். புதியது டிவி பக்கத்தில், பழையது பீரோவில்.

சோதிக்காத ஸ்டான்ட்பை இருந்தும் பயனில்லை. சொல்லிவிட்டுச் செய்தால் அது சோதனையும் இல்லை. கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில்தான் முதல் ரவுட்டரின் வயரைப் பிடுங்குவேன். வீட்டில், அவளுக்கு வீசிங் தொடங்கும்போது புதிய இன்ஹேலரை எடுத்து மறைத்துவிடுவேன். அவள் தேடிப் பார்த்து, பீரோவுக்குப் போய், பழையதை எடுத்து இழுக்க வேண்டும். நாற்பது விநாடி அனுமதி. முதல் முறை ஐம்பத்திரண்டு ஆனது. அடுத்தது முப்பத்தெட்டு. மூன்றாவது முப்பத்தொன்று.

"ஒருநா இல்ல ஒருநா வெளக்கமாத்தால அடிக்கப்போறேன் பாருங்க," என்றாள்.

முப்பத்தொன்று நல்ல எண் என்று சொன்னேன்.

நான்காவது சோதனை அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில். எங்கள் தெருவை ஒட்டிய வயலில் அறுவடை மெஷின் ஓடியது, வீடெல்லாம் தூசி. இருபத்தொன்பது விநாடியில் பழையது அவள் கைக்கு வந்துவிட்டது. அதைவிட வேகமாக அவள் எடுத்ததில்லை. அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. குலுக்கிவிட்டு மறுபடி அழுத்தினாள். அதில் மிச்சமிருந்த மருந்து முந்தைய மூன்று சோதனைகளிலேயே தீர்ந்திருக்கிறது. அதுதான் காரணம், சார். பழையதை ஸ்டான்ட்பையில் போட்டது. அப்படியே எழுதுங்கள். துளசிராம் சாருக்கும் ஒரு நகல் அனுப்பினால் நல்லது.

புதியதை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பாதியில் முதல் ரவுட்டரை இணைத்தால், அது தானாகவே பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஸ்டான்ட்பை தாங்கியிருக்குமா என்பது பிறகு தெரியவே தெரியாது. அதனால் காத்திருந்தேன். நாற்பது விநாடி ஆனது. மூன்று நிமிடம் ஆனது. பதினோராவது நிமிடத்தில் ஸ்டாப்வாட்சை நிறுத்தினேன். அதற்கு மேல் அளக்க எதுவும் இல்லை.

'ஒடம்பப் பாத்துக்கங்க' என்று சொல்லிவிட்டுப் போனாள் என மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அது ஆறுதலாக இருக்கிறது. ஆனால் இது வாக்குமூலம்; சரியாக இருக்க வேண்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என் சட்டையையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"பையிலதான... இருக்கு... தெரியுது. குடுங்க."